அறுத்துட்டுதுங்க

சித்திரபானு வருஷம் ஆவணி மாதம், மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலையில், நாற்பத்தோராம் குழாய் கிழிந்து கிடந்த இடத்தில் இருந்தவர்கள்:

குருந்தக்கல் கம்பெனி மானேஜர் துரை. அவருடைய குமாஸ்தா ராஜாமணி. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சந்தைமேட்டு ஸ்டேஷன் ஏட்டு. அவரோடு வந்த கான்ஸ்டபிள். ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து வேடிக்கை பார்க்க நின்றுவிட்ட பெரியண்ணன். குழாய் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் லைன்காரன் தர்மன். அவன் மனைவி முனியாயி, இருபதடி தள்ளி ஒரு பாறைமேல்.

இல்லாதவர்கள் இரண்டு பேர். குழாய் மாட்டிக் கழற்றும் பிட்டர் இன்னாசி மகள் கல்யாணத்துக்குக் கோலார் போயிருந்தார். முனியாயியின் தம்பி சின்னராஜ் ஞாயிற்றுக்கிழமை தர்மபுரிக்குப் போனவன், அங்கிருந்து வத்தல்மலைக்கு ஏறிவிட்டான். சாமைக் காட்டைப் பார்க்கப் போயிருப்பான் என்று அக்காவுக்குத் தெரியும். ஆனால் அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவன் இல்லை என்பதையும் ஏட்டு குறித்துக்கொண்டார்.

குழாயின் அடிவயிற்றில் இரண்டு முழ நீளத்துக்குப் பிளவு. நூல் பிடித்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. அதன் வழியே பீறிட்ட கல்மண் கீழே ஆளுயரப் பள்ளம் பறித்து, பக்கத்துக் கொள்ளுக் காட்டில் சாம்பல் நிறமாகப் படிந்திருந்தது.

ஏட்டு குனிந்து பார்த்துவிட்டுத் தர்மன் பக்கம் நிமிர்ந்தார். "நீதானடா மொதல்ல பாத்தவன்? என்ன ஆச்சு?"

"ஆமாங்க. அறுத்துட்டுதுங்க."

"என்ன?"

"அறுத்துட்டுதுங்க. அடிப்பக்கமா."

லைனில் இருந்தவர்களுக்கு இதற்கு வேறு சொல் கிடையாது. உடைந்தது என்றோ ஓட்டை விழுந்தது என்றோ சொல்லமாட்டார்கள். உள்ளே ஓடுகிற கல்மண் இரும்பைத் தின்று தீர்த்துவிட்டால் 'அறுத்துட்டுது' என்பார்கள். எது அறுத்தது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. போலீஸ்காரர் முன்னால் மொட்டையாகப் பேசக்கூடாது என்று தர்மன் கடைசியில் ஒரு 'ங்க' சேர்த்தான். ராஜாமணியின் காதில் அது 'அறுத்துட்டாங்க' என்று விழுந்தது. அவர் அப்படியே எழுதினார்: குழாயைச் சிலர் அறுத்துவிட்டதாக லைன்காரன் தர்மன் தெரிவிக்கிறான்.

துரைக்கு அதை இங்கிலீஷில் சொன்னார். துரை முகம் சிவந்தது. ஏட்டு முகம் தெளிந்தது. அந்த மாதம் எங்கே பார்த்தாலும் சுயராஜ்யக்காரர்கள் தந்திக் கம்பியை அறுத்தார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள் என்று பேச்சு. சந்தைமேட்டு எல்லையில் மட்டும் ஒன்றும் நடக்காமல் இருந்தது.

"கொழாய அறுத்து என்னாங்க பண்ணுவாங்க?" என்றான் பெரியண்ணன். "ஆட்ட அறுத்தாலும் கறி மிஞ்சும்."

"ஓட்றா ஆட்ட" என்றார் ஏட்டு.

ராஜாமணி எழுதியதை வேகமாகப் படித்துக் காட்டினார். தர்மனுக்கு எழுத்துத் தமிழ் பாதிதான் புரிந்தது. அறுத்து என்ற சொல் வந்தது. சரிதான் என்று கட்டைவிரலை நீட்டினான்.

*

குருந்தக்கல் என்பது சாணைக்கல்லுக்குப் போகிற கல். கத்தி தீட்டவும் கண்ணாடி தேய்க்கவும் முன்பு கூடைக் கணக்கில் போனது, சண்டை வந்த பிறகு வண்டிக் கணக்கில் போயிற்று. பீரங்கிக் குழல் தேய்க்க என்றார்கள். குன்றுமேல் மில். அங்கே கல்லை நொறுக்கித் தண்ணீரில் கரைத்துக் குழாயில் விடுவார்கள். இரண்டு மைல் தள்ளி, ஓடைக்கரையில் தொட்டிகள். மண் தொட்டியில் அடங்கும், தண்ணீர் வழிந்து போகும். குழாயில் வருகிற அந்தக் கலவைக்கு ஆட்கள் வைத்த பெயர் கூழ். "இன்னைக்குக் கூழு கெட்டியா வருது" என்றால் தர்மன் குழாயில் கை வைத்துப் பார்ப்பான். அது உள்ளே கரகரவென்று அதிர்ந்துகொண்டிருக்கும்.

தொட்டிக்கு மேலே பாறைச் சரிவில் கம்பெனி கட்டிக்கொடுத்த ஒற்றை வீடு தர்மனுடையது. பக்கத்து ஊர் ஒன்றரை மைல். இரண்டு பக்கமும் உன்னிப் புதர், நடுவில் குழாய். காற்று மேற்கிலிருந்து அடிக்கிற மாதங்களில் வாசலில் நின்று பேசினால் பேச்சு தொட்டிப் பக்கம் போய்விடும். முனியாயி மலையில் நாற்பது வீட்டுக்கு நடுவில் வளர்ந்தவள். முதல் வருஷம் அவள் வேலை இல்லாத நேரத்தில் பெரியண்ணனுடைய ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பிள்ளை இல்லை. தம்பி மில்லில் கூடை தூக்க வந்து சேர்ந்த பிறகுதான் வீட்டில் பேச்சு சத்தம் கேட்டது. சின்னராஜுக்கு வாய் ஓயாது. களி கிண்டும்போதே பானைக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, "எக்கா, இது களியா, தொட்டியில இருந்து அள்ளியாந்ததா?" என்பான். "ஆமாண்டா, உன்னாட்டம் கழுதைக்கு அது போதும்" என்பாள்.

மண் கனமானது. குழாயின் அடியில்தான் உராய்ந்து ஓடும். அடி மட்டும் தேயாமல் இருக்க மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு குழாயையும் கழற்றிக் கால் சுற்று திருப்பவேண்டும். இரண்டு முனையிலும் போல்ட்டைக் கழற்றி, செயின் பாணாவைப் போட்டு நெம்பித் திருப்பி, மறுபடி முடுக்கி, மேலே ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைப்பது வழக்கம். பொட்டு இருந்தால் திருப்பியாயிற்று என்று அர்த்தம். எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்கும் ஒரே பேச்சுதான்: வலக்கைக்கு ஒரு கால். தர்மன் எப்போதும் மில்லில் தொடங்கித் தண்ணீர் போகிற திசையிலேயே நடந்து வருவான்.

அந்த வருஷம் சித்திரையில் ஓடை வற்றிவிட்டது. பழைய கல்குழியில் தேங்கியிருந்த தண்ணீரை இறைத்து மில்லுக்கு விட்டார்கள். செம்மஞ்சளான தண்ணீர், வாயில் வைத்தால் புளித்தது. ஒரு முறை அதில் துவைத்த வேட்டி அடுத்த மாதம் இழை இழையாகப் பிரிந்தது. வேட்டிக்காகத் திட்டியவர்கள் குழாயைப் பற்றி நினைக்கவில்லை.

அடுத்து வந்த வைகாசியில் தர்மனுக்கு முறைக்காய்ச்சல் கண்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் உடம்பு தூக்கிப் போட்டது. லைன்காரன் படுத்துவிட்டான் என்று தெரிந்தால் கம்பெனி வேறு ஆள் போடும். வீட்டைக் காலி செய்யச் சொல்லும். தர்மன் யாரிடமும் சொல்லவில்லை. லைனைப் பார்க்க அப்போது யாரும் வருவதும் இல்லை. திருப்ப வேண்டிய நாள் வந்தபோது கீழ்ப்பக்கத்துப் பதினெட்டுக் குழாய்கள் பாக்கி இருந்தன. படுத்தபடியே முனியாயியிடம் சொன்னான்: "வலக்கைக்கு ஒரு காலு. தம்பியக் கூட்டிக்கோ. பொட்டு வெக்க மறந்துராத."

அவளும் தம்பியும் மூன்று நாளில் முடித்தார்கள். பொட்டு ஒன்றும் விடுபடவில்லை.

*

புதன்கிழமை சின்னராஜ் மலையிலிருந்து ஒரு மூட்டை மலைத்தேனடையோடு இறங்கி வந்தான். வாசலில் ஏட்டும் கான்ஸ்டபிளும் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்குள் தேடினார்கள். கூரை வாரையில் செருகியிருந்த, இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு ஒரு துண்டு கிடைத்தது. இன்னாசி முறிந்துபோனது என்று வீசியதை எடுத்து, ஒரு முனையில் துணி சுற்றி, ராகிக் கதிர் அறுக்க வைத்திருந்தாள் முனியாயி.

"இது எதுக்குடா?" என்று ஏட்டு சின்னராஜிடம் கேட்டார்.

"கருது அறுக்கங்க."

"அறுக்க. சரி. ஞாயித்துக்கெழம தர்மபுரியில கடையடைப்புக் கூட்டத்துல நின்னியா?"

"கட தொறந்திருந்தா உப்பு வாங்கிட்டுப் போயிருப்பங்க. அடச்சிருந்ததால நின்னங்க."

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். அவரைச் சிரிக்க வைத்ததற்காகவே ஏட்டு சின்னராஜுக்குக் கன்னத்தில் ஒன்று வைத்தார்.

கூட்டிப் போகும்போது அவன் திரும்பி, "மாமா, நீயாச்சும் சொல்லு" என்றான். தர்மன் சொன்னான். "யாரும் அறுக்கலீங்க, தானா அறுத்துட்டுதுங்க" என்று ஏட்டுக்குப் பின்னாலேயே தொட்டிவரை ஓடினான். ஏட்டு நின்றார். "நேத்து அறுத்துட்டாங்கன்னு ரேகை வெச்ச. இன்னைக்கு மச்சினன்னதும் தானா அறுத்துதா? இரும்பு தானா அறுந்துக்குமாடா? என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?"

திரும்பி வந்தபோது முனியாயி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன் வாயிதான அவன உள்ள வெச்சது" என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் பேசவில்லை. விடிந்ததும் களி கிண்டி, இரண்டு உருண்டையை முருங்கைக் கீரைக் குழம்போடு தூக்குச் சட்டியில் வைத்துக்கொண்டு ஐந்து மைல் நடந்து ஸ்டேஷனுக்குப் போவாள். பொழுது சாயத் திரும்புவாள். தர்மனுக்கான களி வீட்டில் மூடியின் கீழ் இருக்கும். அவன் மூடியைத் திறந்து தின்பான். குழாய் ஓடவில்லை. அந்தக் கரகரப்பு இல்லாமல் வீடு என்னவோபோல் இருந்தது. அது ஓடியபோது யாரோ பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி இருக்கும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை முதல் மழை. சனிக்கிழமை இன்னாசி வந்தார்.

*

நாற்பத்தோராம் குழாயைக் கழற்றி ஸ்டோர் முற்றத்தில் போட்டிருந்தார்கள். மாற்றுக் குழாய் போட்டு லைனைத் திங்கட்கிழமை ஓட்டவேண்டும் என்று துரை உத்தரவு. இன்னாசி குழாயைக் காலால் உருட்டினார். மூன்று நாள் வெயிலும் ஒரு நாள் மழையும் பட்டு உள்ளும் வெளியும் காவி பிடித்திருந்தது.

"யாருடா இத ரம்பத்துல அறுத்ததுன்னு எழுதுனது?"

"குமாஸ்தாங்க."

"ரம்பம் பாத்திருக்கானா அவன்?" இன்னாசி கந்தைத் துணியில் மண்ணெண்ணெய் தொட்டுப் பிளவின் ஓரத்தைத் தேய்த்தார். காவி போய் இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. "இங்க தொடு. பாத்து."

தர்மன் தொட்டான். ஓரம் காகிதம் மாதிரி இருந்தது. அங்கிருந்து விரலை மேலே நகர்த்த நகர்த்த இரும்பு தடித்துக்கொண்டே போயிற்று.

"ரம்பம் அறுத்தா ஓரம் மொத்தமா நிக்கும். இது தேஞ்சு தேஞ்சு ஒண்ணுமில்லாமப் போனது. கோலார்ல இருவது வருசம் இதத்தான பாத்தன்." அவர் குழாய்மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். "ஆனா கொழா போட்ட எட்டு மாசத்துல இவ்வளவு போவாதே தர்மா. வெறும் மண்ணுன்னா மூணு வருசம் தாங்கும். வெறும் புளிச்ச தண்ணின்னா அதுக்கும் மேல. ரெண்டும் சேந்தாத்தான் இப்படி."

"எப்படிங்க?"

"புண்ணு வந்தா பொருக்குத் தட்டுதில்ல? பொருக்கு இருக்கிற மட்டும் உள்ள ஒண்ணும் ஆவாது. இரும்புக்குத் துருதான் பொருக்கு. தண்ணி துருவக் கட்டும், மண்ணு வந்து அதச் சொறிஞ்சு எடுத்துரும். புதுத் தோலு. மறுபடி தண்ணி. மறுபடி மண்ணு. பொருக்கே தட்ட வுடாம சொறிஞ்சா என்னா ஆவும்? எலும்பு தெரியும்." புகையை விட்டார். "அதுக்குத்தான் திருப்பறது. நீ திருப்புனியா?"

"திருப்புனதுங்க. பொட்டு இருக்குது பாருங்க."

"பொட்டு இருக்குது. கொழா திரும்பலியே." இன்னாசி துணியால் குழாயின் உள்ளே இரண்டு பக்கத்தையும் துடைத்துக் காட்டினார். "மொதல் வாட்டி அடியில இருந்த எடம் இதோ. ரெண்டாவது வாட்டி இந்தப் பக்கம் வந்து லேசாத் தேஞ்சிருக்குது. மூணாவது வாட்டி அடுத்த பக்கம் இல்ல வரணும்? அது புதுசா இருக்குது. மறுபடி பழைய எடமே அடிக்கு வந்திருக்குது. எவனோ எதிர்ப்பக்கம் திருப்பியிருக்கான். நீயா?"

தர்மன் குனிந்து அந்தப் பழைய இடத்தை மறுபடி தொட்டுப் பார்த்தான்.

"கீழ இன்னும் எத்தன இப்படி இருக்குது?"

"பதினேழு இருக்குங்க."

"திங்கக்கெழமைக்குள்ள அத்தனையும் திருப்பு. நான் பாணா தர்றன்."

"திருப்பாத வுட்டா, ஒண்ணு ரெண்டு நாள்ல இன்னொண்ணு கிழியுங்களே. மச்சினன் உள்ள இருக்கறப்ப கிழிஞ்சா, அவன் அறுக்கலேன்னு ஆவுமில்லீங்களா?"

இன்னாசி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஆவும். அப்பறம் அத யாரு அறுத்தான்னு தேடுவான். லைன்ல மிச்சம் இருக்கறது நீயும் பெரியண்ணன் ஆடும்."

*

முனியாயி அன்று சீக்கிரம் வந்துவிட்டாள். தூக்கு கனமாகவே இருந்தது. தம்பி சாப்பிடவில்லை. தர்மன் வாசலிலேயே அவளை நிறுத்தினான்.

"வைகாசியில நீங்க கொழா திருப்புனீங்களே, எங்கருந்து ஆரம்பிச்சீங்க?"

அவள் தூக்கை இறக்கி வைத்தாள். மூன்று நாளுக்குப் பிறகு அவனுக்கு அவள் சொன்ன முதல் வார்த்தை, "எதுக்கு?"

"சொல்லு."

"இங்கிருந்துதான். வூட்டு வாசல்ல இருந்து. காலையில வெயிலுக்கு முன்ன மேல மேலப் போனம்."

"மில்லப் பாத்து நடந்தீங்களா?"

"பின்ன, முதுகக் காட்டிக்கிட்டா நடப்பாங்க?"

"எந்தப் பக்கம் திருப்புனீங்க?"

"வலக்கைப் பக்கம். நீதான சொன்ன, வலக்கைக்கு ஒரு காலுன்னு." அவள் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டில் பாணா நழுவி அடித்த வடு இன்னும் இருந்தது. "எனக்கு வலக்கை இதுதான். உனக்கு வேறயா?"

தர்மன் அவளுக்கு எதிரில், மில்லுக்கு முதுகைக் காட்டி நின்றான். தண்ணீர் போகிற திசையில் நடந்து வருகிற மாதிரி இரண்டு எட்டு வைத்தான். தன் வலது கையைத் தூக்கினான்.

இரண்டு கையும் எதிர் எதிர்ப் பக்கத்தில் நின்றன. அவள் அவன் கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். பிறகு கையை மெதுவாக இறக்கினாள்.

"அப்ப நாங்கதானா அறுத்தது" என்றாள்.

"மண்ணு அறுத்தது."

"நாங்கதான். அவன் பாணாவுல தொங்குனான். நான் போல்ட்ட முடுக்குனன். எக்கா, மாமாவுக்குக் காச்சல் வந்ததும் நமக்கு மாரியாத்தா பூச வந்தாப்புல ஊஞ்சல் கெடச்சுதுன்னு சிரிச்சுக்கிட்டே பண்ணான்." அவள் கல்லில் உட்கார்ந்தாள். "நான் போயி சொல்லிடறன். இப்பவே போறன்."

"போயி என்னான்னு சொல்லுவ? கம்பெனிக் கொழாயத் திருப்பி வெச்சன்னா? உன்னயும் சேத்து எழுதுவான். அக்காளும் தம்பியும் சேந்து பண்ணாங்கன்னு அவனுக்கு இன்னும் தோதாப் போயிரும்."

"அப்ப நீ போ."

"போனா?"

"போனா என்னா?"

"லைன்காரன் படுத்துக் கெடந்தான், அவன் வேலையப் பொம்பள செஞ்சாள்னு தெரியும். வேல போவும். வூடு போவும். சண்டச் சாமானுக்குக் கல்லு போற லைன்ல அசட்டையா இருந்தான்னு அதுக்கும் ஒரு சட்டம் இருக்குதாம். ராஜாமணி சொன்னாரு."

முனியாயி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வூடு" என்றாள். "இதா வூடு?" பிறகு எழுந்து தூக்கைக் கழுவப் போய்விட்டாள்.

ஞாயிறு முழுவதும் தர்மன் இன்னாசியோடு குழாய் திருப்பினான். மழை விட்டு விட்டுப் பெய்தது. துருப்பிடித்த போல்ட்டுகள் அசைய மறுத்தன. விளக்கெண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். இரண்டு குழாயின் அடி, தட்டினால் தகரம் மாதிரி ஒலித்தது. இன்னாசி எதுவும் கேட்கவில்லை. கேட்காதது தர்மனுக்கு உறுத்தியது. பதினேழாவது குழாய்க்குப் பொட்டு வைக்கும்போது அவனாகவே சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான்.

"தெரியும்டா" என்றார் இன்னாசி. "போல்ட்டு முடுக்குனது பொம்பளக் கைன்னு அப்பவே தெரிஞ்சுது. உன்ன விட நல்லா முடுக்கியிருக்கா."

"நீங்க எழுதிக் குடுப்பீங்களா? துரைகிட்டச் சொல்லுவீங்களா?"

"துரைக்கு எது நல்லது சொல்லு. எவனோ வந்து அறுத்தான்னா சர்க்காரு புதுக் கொழா குடுக்கும். குழித் தண்ணி வுட்டதாலதான் போச்சுன்னா துரை தலையில வுழும். நான் சொல்லிப் பாத்தன். நீ கோலாருக்கே போயிரலாமேன்னு கேட்டாரு." அவர் பாணாவைத் தோளில் போட்டுக்கொண்டார். "நான் ஒண்ணு பண்ணித் தர்றன். அதுக்கு மேல முடியாது."

திங்கட்கிழமை லைன் ஓடியது. அன்று சாயங்காலம் முனியாயி ஸ்டேஷனிலிருந்து வந்து வாசல் தாண்டி உள்ளே வராமல் நின்றாள். தம்பியைப் புதன்கிழமை சேலத்துக்குக் கொண்டுபோகிறார்களாம். சின்னராஜின் வலது கையில் இரண்டு விரல் வீங்கிக் கறுத்திருக்கிறதாம். களியை அவள்தான் ஊட்டினாளாம். இவ்வளவையும் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மலைக்குப் போய்ப் பெரிய தகப்பனைக் கூட்டிவரப் போவதாகச் சொன்னாள். திரும்பி இந்த வீட்டுக்கு வருவதாகச் சொல்லவில்லை.

"நாளைக்கு ஒரு நாள் இரு" என்றான் தர்மன். "களி கிண்டி வெய்யி. ஒருத்தன் வருவான்."

*

இன்னாசி பண்ணித் தந்தது ஒரு துண்டு இரும்பு. நாற்பத்தோராம் குழாயின் பிளவு தொடங்குகிற இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வளையமாக வெட்டி, சாம்பலும் எண்ணெயும் போட்டுத் துலக்கியிருந்தார். ஒரு பக்கம் விரல் தடிமன், மறுபக்கம் காகிதம். தர்மன் அதைக் கோணியில் சுற்றி, நனையாமல் இருக்க மேலே ஆமணக்கு இலை வைத்துக் கட்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தான். ஐந்து மைலும் தூறல்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் நடுவயதுக்காரர், சளி பிடித்திருந்தது. கழுத்தில் மப்ளர். தர்மன் கோணியைப் பிரித்து மேஜைமேல் வைத்தபோது அவர் அதட்டவில்லை. வளையத்தை எடுத்துச் சுற்றிப் பார்த்தார். ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார். விரலில் ரத்தம் துளிர்த்தது. வாயில் வைத்துக்கொண்டார்.

"சொல்லு."

தர்மன் சொன்னான். கூழ், புளிச்ச தண்ணீர், பொருக்கு, பொட்டு, வலக்கை எல்லாம். நடுவில் சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து தானே இரண்டு பக்கம் நடந்து, கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். வாசலில் நின்ற ஏட்டு வேறு பக்கம் பார்த்தார்.

"ரேகை வெச்ச வாக்குமூலத்துல அறுத்துட்டாங்கன்னு இருக்குதே."

"அப்படிச் சொல்லல. அறுத்துட்டுது."

"என்னடா, மரியாத இல்லாம?"

"மரியாத வெச்சுத்தான் சாமி இவ்வளவும் ஆச்சு."

சப்-இன்ஸ்பெக்டர் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு இருமினார். சிரித்தாரா என்று தெரியவில்லை. எழுதியிருந்த காகிதத்தை எடுத்துப் படித்தார். இரண்டு சொல்லையும் உதட்டுக்குள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார்.

"நீ சொல்றது நெசம்" என்றார். "ஆனா சேலத்துக்குக் காகிதம் போயிடுச்சு. லைன அறுத்தாங்க, ஆளப் புடிச்சாச்சுன்னு போயிடுச்சு. இப்ப மண்ணு அறுத்துதுன்னு எழுதுனா, மண்ணையா கூட்டிட்டு வர்றதும்பாங்க. ஒருத்தன் உள்ள இருக்கணும். அறுத்தவன் இல்லேன்னா, அறுக்க வுட்டவன். அவனுக்கு இவ்வளவு வராது. ஆறு மாசமோ என்னமோ. புரியுதா?"

"புரியுதுங்க."

"திருப்புனது யாரு?"

மழை ஓட்டின்மேல் கொஞ்சம் வலுத்தது.

"நாந்தாங்க."

"நீ வழக்கமா மில்லுல இருந்துதானே வருவேன்னு சொன்ன. அன்னைக்கு ஏன் கீழ இருந்து போன?"

"கிறுக்குங்க. அன்னைக்கு வூட்டுல சண்ட. நேரா வாசல்ல இருந்தே ஆரம்பிச்சுட்டன்."

"தனியாவா? பதினெட்டுக் குழா?"

"தனியாதாங்க. லைன்ல வேற யாரு இருக்குறாங்க?"

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை மையில் தொட்டார். இந்த முறை அவரே எழுதினார். எழுதியதைப் படித்தபோது ஒவ்வொரு வரியிலும் நிறுத்தச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் தர்மன் ரேகை வைத்தான்.

சின்னராஜைக் கொண்டுவந்தார்கள். அவன் ஒரு வாரத்தில் பாதியாகியிருந்தான். வலது கையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். மேஜைமேல் வளையத்தைப் பார்த்தான், மாமனைப் பார்த்தான்.

"போடா" என்றார் ஏட்டு. "உங்க மாமன் கொழாயத் தப்பாத் திருப்பிட்டு ஊரையே ஆட்டி வெச்சிருக்கான். தனியாளா நின்னு."

"தனியாவா?" சின்னராஜ் ஒரு எட்டு முன்னால் வந்தான். "மாமா, அது வந்து, வைகாசியில நானும்..."

"உங்கக்கா களி கிண்டி வெச்சிருக்கா" என்றான் தர்மன். "சூடு ஆறிட்டா நீ திங்கமாட்ட. போ."

"மாமா."

"கையிக்கு வேப்பெண்ண போடச் சொல்லு. ரெண்டு பேரும் மேல போயிருங்க. வூட்டுச் சாவிய இன்னாசிகிட்டக் குடுத்துரச் சொல்லு."

சின்னராஜ் நகரவில்லை. கான்ஸ்டபிள் அவன் தோளைத் தொட்டு வாசலுக்குத் தள்ளிவிட்டார். அவன் படியில் இறங்கி, மழையில் நின்று, ஏதோ சொல்ல மறுபடி திரும்பினான். சின்னராஜ் பேச்சற்று நின்று தர்மன் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு மேற்கே நடக்கத் தொடங்கினான்.

ஏட்டு தர்மனின் இடுப்பிலிருந்து அரைஞாண் கயிற்றையும் சுண்ணாம்பு டப்பியையும் வாங்கி மேஜையில் வைத்தார். அறை எட்டடிக்கு ஆறடி. மூலையில் ஒரு மண்சட்டி, மேலே கையகலச் சன்னல். தரை ஒருவர் படுத்திருந்த இடத்தில் மட்டும் காய்ந்திருந்தது. தர்மன் உள்ளே போய் அந்த இடத்தில் நிற்காமல் சுவரோரமாக நின்றான்.

"உக்காருடா" என்றார் ஏட்டு. "நின்னா கால் வலிக்கும்."

கம்பிக் கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு, ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டார்.